முதல் வாய்

ஆகஸ்ட் 9

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகந்தானே? இங்கே நான் சுகம். என் மகள் வாலுவும் சுகம். எட்டு வயதாகிவிட்டது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள், வாலு என்றால்தான் திரும்புவாள். உன் அத்தானைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

தோட்டத்தில் பீன்ஸ் இந்த வருஷம் சொல்பேச்சுக் கேட்காமல் காய்த்துக் கொட்டுகிறது. காலையில் பறித்த கொடியே சாயங்காலம் மறுபடி கையை நீட்டுகிறது. நார் உரித்து உரித்துக் கட்டைவிரல் இரண்டும் பிளந்துவிட்டன. அண்டா அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. அடியில் பழந்துணி விரித்து, பாட்டில்களை இடிபடாமல் நிறுத்தி, கழுத்து மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுகிறேன். ஆறும்போது மூடி 'டொக்'கென்று உள்ளே இழுத்துக்கொள்ளுமே, அந்தச் சத்தத்துக்காக வாலு அடுப்படியிலேயே பழி கிடக்கிறாள். சத்தம் வந்தால் கைதட்டல் வேறு.

உன் அத்தானுக்கு வயிற்றுப்புண் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புளிப்பு ஆகவே ஆகாதாம். ரோடு மேஸ்திரி வேலை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பனி விழுந்துவிட்டால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் பனி வெட்டப் போகிறவர், வாரக்கணக்கில் கூடாரத்தில் கிடந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வந்ததும் கால் ஜோடுகூடக் கழற்றாமல் நிலவறைக்குப் போய், வினிகர் ஊற்றி மூடிய என் பீன்ஸ் பாட்டில் ஒன்றைத் திறந்து, நின்றபடியே, சூடுகூடப் பண்ணாமல் தின்பார். போன குளிர்காலத்தில் அப்படித் தின்றுவிட்டு விடிய விடிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். "இனிமே எனக்கு அது வேணாம். நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்கிறார். சொல்லிவிட்டு நான் நார் உரிக்கிற கூடையையே பார்க்கிறார். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார், தங்கச்சி. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இந்தக் குளிர்காலத்தை இந்த மனுஷன் எப்படித் தாண்டப்போகிறார் என்பதுதான் என் கவலையெல்லாம்.

இங்கே கடையில் மூடிக்குப் போடுகிற ரப்பர் வளையம் தீர்ந்துவிட்டது. பழசை மறுபடி போட்டால் அம்மா ஆவியாக வந்து தலையில் குட்டுவாள். நீ வாங்கி அனுப்பு. போன வருஷத்துக் காலி பாட்டில்களையும் மறக்காதே. உடனே பதில் எழுது, சோம்பேறி.

உன் அக்கா

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்தேன். நாங்கள் இருவரும் சௌக்கியம். அத்தானுக்கு இப்போது வயிறு தேவலையா? வாலுக்கு என் முத்தம்.

ரப்பர் வளையங்களும் காலி பாட்டில்களும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூட உடையாமல் வரவேண்டுமே என்று ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றியிருக்கிறேன்.

இவருக்குக் கம்பெனியில் பதவி உயர்வு. இப்போது தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. அடிக்கடி மேலதிகாரிகள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். நான் நாலாவது மாடியில் நின்று காய்கறிக்காரன் வண்டிக்குக் காத்திருக்கிறேன். இங்கே குளிர்காலத்திலும் எல்லாக் காயும் பச்சையாகவே கிடைக்கத்தான் செய்கிறது. இவருக்கும் அன்றன்றைக்கு வாங்கிச் சமைத்தால்தான் பிடிக்கும். ஆனால் அது வேறு, உன் பாட்டில் வேறு, அக்கா. போன வருஷம் நீ அனுப்பிய பீன்ஸை வைத்த அன்றைக்கு இவர் தட்டையே வழித்து நக்கிவிட்டார். உன் கையை எனக்கு ஒரு வாரம் கடன் கொடேன்.

வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அன்புத் தங்கை

செப்டம்பர் 20

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். உங்கள் இருவர் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். வீட்டுக்காரருக்குத் தனி அறையாமே, என் ஆசீர்வாதம் சொல்லு.

பாட்டில்கள் ஒன்றுகூட உடையவில்லை. பளபளவென்று தேய்த்து அனுப்பியிருக்கிறாய். சின்ன வயசில் ஒரு தட்டைக் கழுவச் சொன்னால் ஊரைக் கூட்டுவாயே, கல்யாணம் உன்னை மனுஷியாக்கிவிட்டது.

நாளைக் காலை பஸ்ஸில் ஒரு பெட்டி வருகிறது. இரண்டு பாட்டில் பீன்ஸ், தக்காளி ஒன்று, பிளம்ஸ் ஒன்று. பீன்ஸை மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் வேறு மாதிரி பண்ணியிருக்கிறேன். என்னவென்று கேட்காதே, சொல்லமாட்டேன். சொன்னால் உன் நாக்கு அதையே தேடும்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். முதல் வாய் கடைக்குட்டிக்கு. அது ராசியான வாய் என்பாள் அம்மா. நீ தின்று, நல்லாயிருக்கு என்று சொன்ன பிறகுதான் நாங்களெல்லாம் கை வைப்போம். நீ கல்யாணமாகிப் போன பிறகும் நான் அதை மாற்றவில்லை. இந்த வருஷமும் உன் கடிதம் வந்த பிறகுதான் இங்கே மூடி திறப்பேன். அதனால் முகத்துக்காக எழுதாதே. நன்றாயில்லை என்றால் நன்றாயில்லை என்று எழுது. நான் என்ன, தூக்கிலா தொங்கப்போகிறேன்?

மலைப்பாதை இன்னும் திறந்துதான் இருக்கிறது. பனி விழுவதற்குள் பதில் போடு.

அக்கா

அக்டோபர் 17

தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா, இல்லையா, அதுகூடத் தெரியவில்லை. பெட்டி வந்து சேர்ந்ததாக டிரைவர் சொன்னார். "உங்க தங்கச்சியே இறங்கி வந்து வாங்கிக்கிட்டாங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்றார். அப்படியானால் இரண்டு வரி எழுதக் கை வலிக்கிறதா?

இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. கொடிகளெல்லாம் ஒரே காலையில் கருகிப்போயின. கடைசித் தக்காளியைக் காயாகவே பறித்து மூடிவிட்டேன். நிலவறை நிறைந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வருகிறது. பனி அடைத்துவிட்டால் இங்கே கடை என்பது வெறும் பலகைதான், உப்பும் தீப்பெட்டியும் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

உன் அத்தான் தினமும் சாயங்காலம் கேட்கிறார், "தங்கச்சிகிட்டேர்ந்து கடுதாசி வந்துச்சா?" என்று. உன்மேல் பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே, பீன்ஸ்மேல் பாசம். மனுஷன் இன்னும் இளைத்துவிட்டார். கன்னத்தில் குழி விழுந்திருக்கிறது.

சாப்பிட்டாயா, எப்படி இருந்தது, உடம்புக்கு ஒன்றும் பண்ணவில்லையே, இதை மட்டும் எழுது. மற்றக் கதையெல்லாம் அப்புறம்.

அக்கா

நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துவிடு, மன்னித்துவிடு, மன்னித்துவிடு. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், விருந்தாளிகள் வந்தார்கள், நாள் போனதே தெரியவில்லை. நாங்கள் நன்றாகவே இருக்கிறோம். உங்கள் மூவரையும் நினைக்காத நாளில்லை.

பீன்ஸா? அதைக் கேட்கவும் வேண்டுமா! இரண்டு பாட்டிலும் ஒரே வாரத்தில் காலி. இவர் முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் புளிப்பு இருக்கிறதே, அப்படியே அம்மாவின் கைப்பக்குவம். வேறு மாதிரி என்றாயே, இதுவரை நீ போட்டதிலேயே இதுதான் ஒசத்தி. உடம்புக்கும் ஒன்றும் பண்ணவில்லை, கல்லுக்குண்டாக இருக்கிறோம். அத்தானைத் தாராளமாகச் சாப்பிடச் சொல்லு.

பாட்டில்களைக் கழுவி இதே பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். வாலுக்கு ஒரு கம்பளித் தொப்பியும் உள்ளே இருக்கிறது.

உன் அன்புத் தங்கை

நவம்பர் 11

என் ராசாத்திக்கு,

நீ நன்றாயிருக்கவேண்டும், நூறு வருஷம் இருக்கவேண்டும். தொப்பி வாலுக்குக் கண்ணை மறைக்கிறது. ஆனாலும் தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டேன் என்கிறாள்.

அடியே, புளிப்பா? எங்கேயிருந்துடி வந்தது புளிப்பு? அதில் ஒரு சொட்டு வினிகர் ஊற்றவில்லை! நான் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். உனக்குச் சின்ன வயசிலிருந்தே நாக்கு என்று ஒன்று கிடையாது. வாயில் போட்டது உருளைக்கிழங்கா, சோப்பா என்று கேட்டால்கூட, "நல்லாயிருக்குக்கா" என்பாய். போகட்டும். தின்றாய், ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அது போதும்.

இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அத்தானுக்காகத்தான் வினிகர் இல்லாமல் போட்டேன். அம்மா சொல்வாளே, "தக்காளிக்கும் பழத்துக்கும் அதுக்கே புளிப்பு இருக்கு. பீன்ஸ் சாது, அதை நம்பாதே, வினிகர் இல்லாம மூடினா வெளியே மணமா இருக்கும், உள்ளே விஷம் கட்டிடும்" என்று. அந்தப் பயம் எனக்கு இல்லாமலில்லை. அதற்காகத்தான் எப்போதையும்விட ரொம்ப நேரம் கொதிக்கவிட்டேன். அண்டாத் தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூடி ஒவ்வொன்றும் உள்ளே குழிந்து கல் மாதிரி இறுகியிருக்கிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மணமாகத்தான் இருக்கும் என்று அம்மா சொன்னாலும், கெட்டிருந்தால் மூடி திறந்ததுமே நாற்றத்தில் உனக்குத் தெரிந்துவிடும், நீ எழுதிவிடுவாய் என்று இருந்தேன். சொல்லியிருந்தால் நீ தொட்டிருக்கமாட்டாய். கள்ளத்தனந்தான், ஒப்புக்கொள்கிறேன். நேரில் வரும்போது என் காதைத் திருகிவிடு.

கடிதத்தை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். "அப்போ எனக்கும் உண்டுன்னு சொல்லு" என்றார், அத்தனை பெரிய ஆள், குழந்தை மாதிரி. அதற்குள் ஆட்கள் வந்து கூப்பிட, அப்போதே பனி வெட்டக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்ததும் திறப்பதாகப் பேச்சு.

இதுதான் பஸ் கொண்டுபோகிற கடைசித் தபால். இனிமேல் தபால்காரர் பனியில் நடந்துதான் வருவார், அவர் காலை நம்பித்தான் நம் பேச்சு.

அக்கா

நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எல்லாரும் நலமாயிருக்கவேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்குச் சீக்கிரம் கிடைக்கவேண்டும்.

அக்கா, அந்தப் பீன்ஸை அத்தானுக்குக் கொடுக்காதே. பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவளிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். வினிகர் இல்லாத பீன்ஸ் ரொம்ப ஆபத்து என்கிறாள். மணத்திலும் தெரியாதாம், ருசியிலும் தெரியாதாம், எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அண்டாக் கொதி போதாதாம். அம்மா சொன்னதும் அதுதானே? எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லைதான். இருந்தாலும் ஒரு பாட்டில் மாதிரி இன்னொரு பாட்டில் இருக்குமா? எதற்கு வம்பு? தயவுசெய்து எல்லாவற்றையும் கொட்டிவிடு. நான் பணம் அனுப்புகிறேன், வேறு ஏதாவது வாங்கிக்கொள்.

நான் காரணமில்லாமல் எழுதமாட்டேன், அக்கா. கொட்டிவிடு.

உன் தங்கை

டிசம்பர் 12

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். கடிதம் நனைந்து பாதி எழுத்து கரைந்து வந்தது. தபால்காரர் வழியில் ஒரு தடவை பனியில் புதைந்து எழுந்தாராம்.

உனக்கு என்னடி ஆயிற்று? தின்றவள் நீ. உன் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ருசித்ததாக எழுதியவளும் நீ. இரண்டு பாட்டிலையும் முழுங்கிவிட்டுக் கல்லுக்குண்டாக உட்கார்ந்துகொண்டு, யாரோ நர்ஸ் சொன்னாள் என்று என்னைக் கொட்டச் சொல்கிறாய். எல்லாம் ஒரே அண்டா, ஒரே நாள், ஒரே கை. உனக்கு அமுதமாக இருந்தது எனக்கு விஷமாகிவிடுமா? அந்த நர்ஸ் முன்னால் நீ நிற்கிறாயே, அது போதாதா சாட்சி?

பணம் அனுப்புகிறாயாம். நல்ல மனசுதான். பணத்தைப் பனிமேல் தூவினால் பீன்ஸ் முளைக்குமா?

கொட்டிவிட்டால் இந்த மனுஷனுக்கு வேகவைத்த கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை. தக்காளி ஆகாது, பிளம்ஸ் ஆகாது, இரண்டும் புளிப்பு. போனதடவை இரண்டு நாள் வந்திருந்தபோது நான் உன் கடிதம் கிடைத்த குழப்பத்தில் பீன்ஸ் எடுத்துக் கொடுக்கவில்லை. கிழங்கைத் தின்றுவிட்டு, பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு போனார். அப்போது எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அடுத்த வாரம் வருகிறார். நான் கொடுக்கத்தான் போகிறேன்.

பயப்படாதே. ராத்திரியில் கண்டதையும் நினைத்துக்கொண்டு படுக்காதே. உன் வாய் ராசியான வாய்.

அக்கா

ஜனவரி 8

தங்கச்சிக்கு,

உன் அத்தான் போய்விட்டார்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்? வந்தார். கால் ஜோடோடு நிலவறைக்குப் போனார். நின்றபடியே ஒரு பாட்டில் முழுக்கத் தின்றார். வாலுக்குக் காய்ச்சல், பாலும் ரொட்டியுந்தான் கொடுத்தேன். நான் தொடவில்லை, அவருக்குக் குறைந்துவிடுமே என்று ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. "நோவே இல்லடி" என்று வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். எவ்வளவு நாளைக்கப்புறம் சிரித்தார்.

மறுநாள் மத்தியானம், "விளக்கு ஏன் ரெண்டா எரியுது?" என்றார். விளக்கே ஏற்றவில்லை, ஜன்னல் வெளிச்சம். அப்புறம் நாக்கு தடித்துவிட்டது. தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நினைவு மட்டும் தப்பவில்லை. கண் இமையைத் தூக்க முடியாமல் விரலால் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். டாக்டரைக் கூட்டிவரப் பாதை இல்லை. அந்தப் பாதையை வெட்டித் திறக்கிறவரே இவர்தான். இவருடைய ஆட்கள் ராப்பகலாக வெட்டினார்கள். அவர்கள் வெட்டி முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து பாட்டிலைப் பார்த்தார். பீன்ஸ்தான் என்கிறார். மிச்சமுள்ளதையெல்லாம் குழி தோண்டிப் புதைக்கச் சொல்கிறார். என் நாத்தனார் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி, "எந்தம்பிக்கு விஷம் வெச்சுட்டா" என்றாள். சொல்லட்டும். அவளுக்குத் தம்பி.

ஆனால் தங்கச்சி, நீயும் உன் வீட்டுக்காரரும் அதையே தின்றீர்களே. அதே அண்டா, அதே கொதி. உங்களுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லையே. அப்படியானால் அது பீன்ஸ் இல்லை, இல்லையா? கூடாரத்தில் வேறு ஏதோ தின்றிருக்கிறார், இல்லாவிட்டால் அந்த ஒரு பாட்டில் மட்டும் எப்படியோ கெட்டிருக்கிறது. என் கையால் அவர் சாகவில்லை. இந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன். நாங்கள் தின்றோம், ஒன்றும் ஆகவில்லை என்று தனியாக ஒரு தாளில் எழுதி, உன் வீட்டுக்காரரையும் கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பு. நாத்தனாரிடம் காட்டவேண்டும்.

மிச்ச பாட்டில்களை நான் புதைக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் போட்டதில் தக்காளியும் பிளம்ஸும் தீர்ந்துவிட்டன. பாதை மறுபடி பனியில் மூடிவிட்டது, கிழங்கு இந்த மாதக் கடைசிவரை வந்தால் அதிகம். வாலு இப்போதுதான் எழுந்து உட்கார்கிறாள், பசி பசி என்கிறாள். கிழங்கு தீர்ந்ததும் பீன்ஸைத் திறக்கவேண்டியதுதான். நீ தின்று பிழைத்ததுதானே, என் பிள்ளையையும் அது ஒன்றும் பண்ணாது.

அக்கா

ஜனவரி 21
தந்தி

பீன்ஸ் திறக்காதே. வாலுக்குக் கொடுக்காதே. நாங்கள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எழுதியதெல்லாம் பொய். கடிதம் பின்னால். தங்கை.

ஜனவரி 21

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். கிடைத்திருக்கவேண்டும். தந்தியாபீஸில் அந்த ஆள், "பீன்ஸா? சரியாத்தான் எழுதியிருக்கீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான். நான் கத்திவிட்டேன்.

நாங்கள் சாப்பிடவில்லை. இந்த வருஷம் மட்டுமில்லை, எந்த வருஷமும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை வைத்தேன். இவர் சிநேகிதர்கள் இருந்தார்கள். "ஊசிப்போனதைப் பாட்டில்ல அடைச்சு அனுப்புறாங்கப்பா எங்க மாமியார் வீட்ல" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். அதிலிருந்து நீ அனுப்புகிறதையெல்லாம் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியில் கொட்டுவேன். அப்புறம் பாட்டிலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி உனக்கு அனுப்புவேன். நல்லாயிருந்தது என்று எழுதுவது எனக்குப் பாவமாகவே படவில்லை, அக்கா. நீ சந்தோஷப்படுவாய் என்றுதான்.

வினிகர் ஊற்றவில்லை என்று நீ எழுதினதைப் படித்த அன்றைக்கே தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நர்ஸ் என்று ஒருத்தியும் இல்லை. அம்மா சொன்னது எனக்கும் ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். நாங்கள் சாப்பிடவில்லை என்ற ஒரு வரியை எழுதியிருந்தால் நீ அந்த நிமிஷமே கொட்டியிருப்பாய். எழுதினேன். எழுதின தாளைக் கிழித்துப் போட்டேன். "அப்போ இத்தனை வருஷமும்?" என்று நீ கேட்பாயே என்று பயந்தேன். உன் டிசம்பர்க் கடிதம் வந்த பிறகும் தந்தி கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அத்தான் சாப்பிட்டிருப்பார், ஒன்றும் ஆகியிருக்காது, எதற்கு இப்போது கிளறுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அத்தானைக் கொன்றது நான்தான். உன் கையில் தப்பில்லை. உன் நாத்தனாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. பாதை திறந்ததும் நான் வருகிறேன். உன் காலில் விழுகிறேன். வாலு எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுது.

தங்கை

பிப்ரவரி 14

தங்கச்சிக்கு,

வாலு உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைத் தெரிந்துகொள்.

தந்தி வந்த அன்று கிழங்கு தீர்ந்திருந்தது. பாட்டிலை நிலவறையிலிருந்து எடுத்து வந்து, குளிர் விடட்டும் என்று அடுப்போரம் வைத்திருந்தேன். வாலு கரண்டியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போஸ்ட்மாஸ்டரே பனியில் நடந்து வந்து படித்துக் காட்டினார். மூடி திறக்கவில்லை. எல்லாவற்றையும் கம்பவுண்டர் வந்து எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்தார். வாலு பசியில் அழுதாள். என் நாத்தனார்தான் அவள் வீட்டிலிருந்து ஒரு பை கிழங்கு கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள். தந்தி படித்தபோது அவளும் வாசலில்தான் நின்றாள். அன்றிலிருந்து என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. தப்பு முழுக்க உன்னுடையது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படிக் கணக்குத் தீரவில்லை. நான் சொல்லாமல் அனுப்பினேன், நீ தின்னாமல் புகழ்ந்தாய், நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் அந்த மனுஷன். நீ நிஜமாகவே தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் உட்கார்ந்து யோசித்தேன். நீயும் உன் வீட்டுக்காரரும் செத்திருப்பீர்கள், என் கையால். என் புருஷன் பிழைத்திருப்பார். நீ தின்னாமல் போனதற்குச் சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும் மாறி மாறி வருகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை, கொட்டிவிடுகிறேன் என்று என்றைக்காவது எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டியிருப்பேன். இந்த ஊர் முழுக்கச் சொல்லித் திட்டியிருப்பேன். மறுநாள், சரி, அவளுக்குப் பாட்டில் வேண்டாமாம், கம்பளி நூலாவது அனுப்புவோம் என்றிருப்பேன். அவ்வளவுதாண்டி. அந்த ஒரு நாள் கோபத்துக்குப் பயந்தா இதைச் செய்தாய்?

பாதை திறந்ததும் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. உன்மேல் ஆத்திரத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் என்னால் உன்னைப் பட்டினி போட முடியாது, உட்காரவைத்துச் சோறு போடுவேன். நீ ஒரு வாய் வைத்ததும் என் வாய் சும்மா இருக்காது, எப்படி இருக்கு என்று கேட்டுவிடும். நீயும் "நல்லாயிருக்குக்கா" என்பாய். அதை நான் எப்படியடி நம்புவேன்?

அக்கா